டிம் அடித்தால் அணைய வேண்டும்

இருபது வருடத்துக்கு மேல் ஓடிய மாருதி 800-இன் முகப்பு விளக்கு ரோட்டைக் காட்டாது. ரோடு என்று ஒன்று இருப்பதாகத் தகவல் சொல்லும், அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் மஞ்சளாக ஒரு பாய் விரித்தாற்போல் வெளிச்சம் கிடக்கும். பாய்க்கு அப்பால் இருப்பதை நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். மாடு படுத்திருக்கிறதா, பின்விளக்கு இல்லாத டிராக்டர் நிற்கிறதா, ரோட்டோரம் யாராவது நடக்கிறார்களா என்பதெல்லாம் பக்கத்தில் போனால்தான் தெரியும். பக்கத்தில் போன பிறகு தெரிந்து என்ன செய்வது?

கார் அப்பாவுடையது. 2001-ஆம் வருட வண்டி. அப்பாவுக்குப் பிறகு சதுரங்கப்பட்டினத்து வீடு தம்பிக்கு என்பது யாரும் பேசாமலேயே முடிவானது. ஷெட்டில் நின்ற கார் எனக்கு என்பது எல்லோரும் கூடிப் பேசி முடிவானது. தம்பி வெளியூரில் இருக்கிறான். வீட்டில் அம்மா மட்டும். அவளுக்கு இழுப்பு. பகலைவிட ராத்திரியில், அதுவும் விடிவதற்கு முந்தைய மணிகளில்தான் இழுப்பு கூடும். அது அந்த நோயின் குணம், அம்மாவின் பிடிவாதமல்ல. ஆனால் இரண்டரை மணிக்கு போன் வரும்போது, "பகல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று வாய் வரைக்கும் வந்துவிடும்.

நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். இடையில் சுமார் 30 கிலோமீட்டர். சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி போகிற மாநில நெடுஞ்சாலை 58-இன் கடலோரத் துண்டு அது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஆங்காங்கே கடை வெளிச்சம் உண்டு. மலைக்கோயிலைத் தாண்டிக் கிழக்கே போனால் ஏரிக்கரையும் வயலும் புளியமரமும்தான். மாமல்லபுரம் பக்கம் ஈசிஆரில் ஏறிவிட்டால் வேறு தொல்லை. அங்கே எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு சூரியனைக் கொண்டுவருகிறது.

கூடுதலாக ஒரு ஜோடி விளக்கு போட வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியபோது யாரும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. உடன் பணிபுரிகிறவர்கள், "ஆறு மணிக்குள்ள போய்ட்டு வந்துடுங்க" என்றார்கள். தம்பி, "ஆக்டிங் டிரைவர் வெச்சுக்கோக்கா, நான் காசு போட்டு விடறேன்" என்றான். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "நைட்ல நீங்க ஏன் மேடம் ஓட்டறீங்க, சார் வரமாட்டாரா?" என்று கேட்டார். இதே வண்டியை ஓர் ஆண் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் முதல் கேள்வி, "எத்தனை வாட் சார்?" என்பதாக இருந்திருக்கும். நான் வெளிச்சம் கேட்டேன். எல்லோரும் எனக்கு நேரம் சொன்னார்கள்.

இரவில் வராதே என்று சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் அது ஆணிடம் சொல்லப்படுகிறது. இரவுக்குறிக்கு வருகிற தலைவனிடம் தோழி, வழியில் யானை உண்டு, புலி உண்டு, பெருகி ஓடும் காட்டாறு உண்டு என்று அடுக்குவாள். அவன் உயிர்மேல் அக்கறை இருக்கிறது. அதைவிட, இப்படி ஒளிந்து வருவதை விட்டுவிட்டு மணம் செய்துகொள் என்ற நெருக்குதல் இருக்கிறது. வரைவு கடாவுதல் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அது. முதுகலை வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்த வழியில ஊர்க்காரங்களும்தான மேடம் நடந்திருப்பாங்க? பொம்பளைங்க நடந்திருப்பாங்களே, அவங்களுக்கு யாரு சொன்னாங்க?" வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என் காரின் வயரிங்கில் பாதி பிறகு அந்தப் பெண்ணின் கைவேலையாக இருக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு முன் வெளிச்சம் ஏன் குறைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று மாதம் ஆனது. யாரும் மறைத்துவைக்கவில்லை, கேட்டால் சொல்கிற மாதிரி யாருக்கும் தெரியவில்லை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பதே பதிலாகக் கிடைத்தது.

இந்தக் காரில் இருப்பது ஹெச்4 பல்பு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60. புதிய பல்பு போட்டும் மஞ்சளாகவே எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்தது. பல்பின் ஹோல்டரில் 12.2. மீதி எங்கே போனது? பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் டேஷ்போர்டுக்குள் போய், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகளைக் கடந்து, மெல்லிய வயரில் திரும்ப முன்பக்கம் வந்து, துருப்பிடித்த எர்த் வழியாக முடிகிறது. வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகித் தொலைகிறது. ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். இழை பல்பில் வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகத்தில் வெளிச்சம் குறையும். இந்த ஒன்றரை வோல்ட்டிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ரிஃப்ளெக்டரின் பாதரசப் பூச்சு போல மின்னும் உட்புறமும் மங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஆக, விளக்கு மாட்டுவதற்கு முன் இருக்கிற விளக்குக்கு வர வேண்டியதை வரவைக்க வேண்டும்.

அதற்குத்தான் ரிலே. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அடியில் நான்கு கால்கள். கால்களுக்கு 30, 85, 86, 87 என்று எண். 30-இல் பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் வழியாக, தடித்த வயர். 87-இலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டுக்கும் நடுவே உள்ளே ஒரு கம்பிச் சுருள். பழைய சுவிட்ச் இனிமேல் இந்தச் சுருளுக்கு மட்டும் ஒரு துளி மின்சாரம் கொடுத்தால் போதும். சுருள் காந்தமாகும், உள்ளே ஒரு தகடு 'டக்' என்று இறங்கும், பெரிய மின்சாரம் குறுக்குவழியில் விளக்குக்குப் போகும். சுவிட்ச் சூடாவதில்லை, உருகுவதில்லை. 35 வருடம் தமிழ் படித்தவளுக்கு இது புரியுமா என்று எலெக்ட்ரீஷியன் சந்தேகப்பட்டார். தொல்காப்பியத்தில் வேற்றுமை மயக்கம் புரிந்தவளுக்கு நான்கு கால் புரியாதா?

கடையில் வேறு ஒரு பேச்சு நடந்தது. நான் கூடுதல் விளக்கு கேட்டதும் கடைக்காரர் 100 வாட் ஜோடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "எதிர்ல வர்றவன் தானா ஓரம் கட்டுவான் மேடம்" என்றார். சிபாரிசே அதுதான். பிறகு, இருக்கிற பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போடலாம், பால் மாதிரி அடிக்கும் என்றார். ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கும். அந்த இழை எந்த மில்லிமீட்டரில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் எல்இடி சில்லைச் செருகினால் கண்டபடி சிதறும். ஓட்டுகிறவருக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது போல் இருக்கும். எதிரே வருகிறவர் பாடு அதைவிட மோசம். ஈசிஆரில் நான் பட்டதெல்லாம் இதுதான். பட்டதையே வாங்கி என் காரில் மாட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. அது போக, கணக்கும் ஒத்துவரவில்லை. பிரைட் 120 வாட், கூடுதலாக 200 என்றால் 320 வாட். 12 வோல்ட்டில் 27 ஆம்பியர் கிட்ட. இந்தக் குட்டி வண்டியின் ஆல்டர்னேட்டர் பாவம்.

55 வாட் டிரைவிங் லைட் ஒரு ஜோடி வாங்கினேன். டிரைவிங் லைட்டையும் ஃபாக் லைட்டையும் கடைகளில் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். ஃபாக் லைட் தாழ்வாக, அகலமாக, கிட்டத்தில் விரிக்கும். டிரைவிங் லைட் ஒடுங்கிய கற்றையாகத் தொலைவுக்குப் போகும்; பிரைட்டுக்குத் துணையாக மட்டுமே எரிய வேண்டியது. எனக்குத் தொலைவு தெரிய வேண்டியிருந்தது, ஏரிக்கரை வளைவுகளில்.

விளக்கு டப்பாவைத் துறையில் மேசைமேல் வைத்திருந்தபோதுதான் அந்த மாணவி பார்த்தாள். பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். டப்பாவில் கூடவே வந்த வயரை எடுத்து நகத்தால் நிமிண்டி, "இது ஆகாது மேடம். உள்ள செம்பே இல்ல. ரெண்டரை ஸ்கொயர் வாங்குங்க" என்றாள். பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருடம் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு ஹார்னஸ் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள். காசு சேர்த்துக்கொண்டு எம்.ஏ.வுக்கு வந்தவள்.

ஒரு காருக்குள் ஓடுகிற வயர்கள் மொத்தத்தையும் ஒரே கட்டாக முன்கூட்டியே செய்து கொண்டுவந்துதான் வண்டியில் பொருத்துகிறார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் ஹார்னஸ். கார்த் தொழிற்சாலையில் எத்தனையோ வேலைகள் இயந்திரக் கைக்குப் போய்விட்டன. இது போகவில்லை. வளைந்து கொடுக்கும் வயரைப் பிரித்து, ஆணி அடித்த பலகையில் வழிப்படுத்தி, டேப் சுற்றி முடிக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. அந்தக் கை இங்கே மட்டுமல்ல, மெக்சிகோவிலும் மொராக்கோவிலும் பெரும்பாலும் பெண்ணுடையது. விரல் நுணுக்கம் என்று காரணம் சொல்வார்கள். கூலி எவ்வளவு என்று பேச்சு வந்தால் அந்த நுணுக்கத்துக்கு விலை இருக்காது. "எந்த வண்டிக்குப் போகுதுன்னு தெரியாது மேடம். பார்ட் நம்பர்தான் தெரியும்" என்றாள். செய்து முடித்த வயர், காருக்குள் போய் உட்கார்ந்த பிறகு, பானெட்டைத் திறந்து நிற்கிற கூட்டத்தில் ஒரு பெண்கூட இருப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொன்னாள். பழைய ஜாயின்ட் ஒன்றை அவிழ்த்துக் காட்டினாள்; எப்போதோ யாரோ இரண்டு வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியது. டேப் பிசுபிசுத்து நழுவியிருந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் முறுக்கு ஜாயின்ட் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. அவள் லக் வைத்துக் கிரிம்ப் பண்ணினாள், இழுத்துப் பார்த்தாள், மேலே ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டிச் சுருக்கினாள். டேப் சுற்றும்போது பாதிக்குப் பாதி ஏறி வர வேண்டும். விரல்கள் பார்க்காமலே அதைச் செய்தன. "ஒரு ஷிஃப்டுக்கு எவ்ளோ சுத்துவேன் தெரியுமா" என்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் வாங்கிய வலி.

பென்ஸ் காரைப் பற்றிச் சொன்னேன். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவருடைய வண்டியை ஓட்டிப் போனார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். வண்டி ஓடும், விற்கும் என்று உலகம் நம்பியது அதற்குப் பிறகுதான். "அப்ப மொத டேப்பிங் அவங்கதான்" என்றாள் இவள்.

ரிலேக்களைப் பக்கச் சுவரில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி முடுக்கினோம். தண்ணீர் உள்ளே தேங்கக் கூடாது. ஃப்யூஸைப் பேட்டரிக்குச் சாண் தூரத்துக்குள் வைத்தோம். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் எங்காவது வயர் உராய்ந்து தீப்பிடிக்கும்போது ஃப்யூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும். டேஷ்போர்டுக்குப் போகிற வயரைத் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டுத்தான் நுழைத்தாள். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டைக் காட்ட வேண்டும். அப்பா வருடா வருடம் பாலிஷ் போட்ட பெயின்ட். நானே சுரண்டினேன்.

கடைசியில் 86. ரிலேவைத் தூண்டுகிற அந்த வயரை எங்கிருந்து எடுப்பது? பேட்டரியிலிருந்து நேராக எடுத்து ஒரு சுவிட்ச் வைத்தால் விளக்கு எப்போது வேண்டுமானாலும் எரியும். கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள், எளிது. இவள் மறுத்தாள். பிரைட்டுக்குப் போகிற வயரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றாள். "டிம் அடிச்சா இதுவும் கூடவே அணையணும் மேடம். இல்லன்னா நான் போட்டுத் தர மாட்டேன்." சில ஜப்பானிய வடிவமைப்புகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அதனால் டெஸ்ட் லேம்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை உள்ளே உட்காரவைத்து டிம், பிரைட், டிம், பிரைட் என்று மாற்றச் சொல்லி, எந்த வயர் எப்போது உயிரோடு இருக்கிறது என்று பார்த்த பிறகே கை வைத்தாள்.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளைப் பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் இறக்கிவிடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கிருந்து ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. இன்னும் இரண்டு பெண்கள் கூட இறங்குவார்கள். மூவரும் போன் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பார்கள். எதிரே தூரத்தில் வண்டி விளக்கு தெரிந்தால் உடனே டார்ச்சை அணைத்துவிடுவார்கள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு முகத்தை வயல் பக்கம் திருப்பி நிற்பார்கள். "பொண்ணுங்கன்னு தெரியக் கூடாது மேடம். பிரைட்ட போட்டுக்கிட்டே வந்து, பக்கத்துல ஸ்லோ பண்ணுவாங்க. உள்ள யாரு, எத்தனை பேருன்னு எங்களுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்குப் பின்னாடி இருக்கறவங்கள பார்க்கவே முடியாது. அவங்களுக்கு நாங்க முழுசா தெரிவோம்."

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, பெண்களை மாலை 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இரவு வேலைக்கு நிபந்தனைகளும் விதித்தது. போக்குவரத்து அதில் ஒன்று. தீர்ப்பை நான் வரவேற்றவள், இப்போதும் வரவேற்கிறேன். அந்தத் தீர்ப்பு பெண்ணுக்குத் திறந்துவிட்ட இரவு, இந்தப் பெண்ணின் கதையில், கூட்டுரோட்டில் இறக்கிவிடப்பட்டு ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி வைக்கிறது.

குறுந்தொகையில் ஒரே ஒரு பாட்டு மட்டும் கிடைத்திருக்கிற புலவர் ஒருவர் உண்டு, நெடுவெண்ணிலவினார். அந்தப் பாட்டில் தோழி நிலவைப் பார்த்துக் குறைப்படுகிறாள். களவில் வருகிறவனுக்கு நிலவு நன்மை செய்யவில்லை, காட்டிக்கொடுக்கிறது. இரவுக்குறிக்கு நேரும் இடையூறுகளைப் பட்டியலிடும்போது நாய் குரைப்பதோடும் காவலர் விழித்திருப்பதோடும் நிலவு வெளிப்படுவதையும் சேர்த்துச் சொல்வது மரபு. இருபது வருடமாக இதை நடத்துகிறேன். வெளிச்சம் இடையூறு என்பதைக் காதலின் விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், உரைகாரர்களும் அப்படித்தான். இனி நடத்தும்போது பூஞ்சேரிக் கூட்டுரோட்டையும் சேர்த்துக்கொள்வேன்.

இதே கரையின் இன்னொரு விளக்கு பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. நீர்ப்பெயற்று என்ற பட்டினத்தில், வானளாவும் மாடத்தின் மேல் இரவில் ஏற்றிய விளக்கு, கடலில் திசை தப்பிய மரக்கலங்களை அழைக்கிறது. நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரம்தான் என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. அது பார்ப்பதற்கான விளக்கல்ல, பார்க்கப்படுவதற்கான விளக்கு. சைக்கிளின் பின்னால் ஒட்டுகிற சிவப்பு வில்லையும் அந்த இனம். ரோட்டில் நடக்கிற பெண்ணிடம் அந்த வில்லைகூடக் கிடையாது. கிடைத்தாலும் அணிவாளா என்பது சந்தேகம்.

அந்த மாணவி இன்னொன்றும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. நானும் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்திருக்கிறேன். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு ஏரிக்கரையோரம் கார் திரும்பும்போது வெளிச்சத்தின் ஓரத்தில் சில உருவங்கள் சட்டென்று எழுந்து நிற்கும். பெண்கள். புடவையை இறக்கிவிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, வண்டி போகும்வரை நிற்பார்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிய பிறகு குறைந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத வீடும், கட்டிய அறையில் விறகு அடுக்கிய வீடும் இருக்கிறவரை இல்லாமல் போகாது. "ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்திருக்கணும் மேடம். எங்க ஆயாவுக்கு முட்டி வலி. ரெண்டு வண்டி அடுத்தடுத்து வந்தா அழுதுடும்."

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆவது விதி விளக்கின் கூச்சத்தைப் பற்றியது. வண்டியின் முன்விளக்கு கீழ்நோக்கி வளைக்கப்பட்டிருக்க வேண்டும்; விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. முகப்பு விளக்கின் நடுவில் போக்குவரத்துப் போலீசார் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் இந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான். 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய நான் நிற்கிற உயரம். விதியை எழுதியவர்கள் நிற்கிற கண்ணை நினைத்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கிற கண் அந்த அளவில் இல்லை.

சாயங்காலம் இருட்டியதும் எதிர்வீட்டு மதில் சுவரில் விளக்கின் கோணம் பார்த்தோம். 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், 100-க்கு 1 என்ற கணக்கு. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் விளிம்பு இடதுபுறம் மட்டும் கொஞ்சம் மேலேறும். ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக. வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த கண்ணாடி என்றால் அது எதிரே வருகிறவர் கண்ணில் ஏறும். வாங்கும்போது இதைப் பார்க்க வேண்டும். டிரைவிங் லைட்டையும் தாழ்த்தினோம். எதிர்வீட்டுத் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். "யாரும்மா மெக்கானிக்?" என்றார். இவள் கையைத் தூக்கினாள்.

மீட்டர் வைத்தோம். ஹோல்டரில் 13.5.

எலெக்ட்ரீஷியனிடம் பிறகு காட்டினேன். ரிலே, ஃப்யூஸ், டேப் எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். "கம்பெனி ஃபிட்டிங் மாதிரி இருக்கே, யாரு பண்ணது?" என்றார். சொன்னேன். "அந்தப் பொண்ணு வேலைக்கு வருமா?" என்று கேட்டார். மாட்டாள் என்று நினைக்கிறேன். அவள் நெட் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆனாலும் அவரிடம் நான் மறுக்கவில்லை, அவளிடமே கேட்கச் சொல்லி நம்பரைக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

ஈசிஆரில் எதிரே வருகிற சூரியன்களை இந்த விளக்கு ஒன்றும் செய்துவிடவில்லை. அப்போது இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கோடு இப்போது தெரிகிறது. உள்சாலையில்தான் வித்தியாசம். புளியமரங்களின் அடியில் அடித்த வெள்ளைப் பட்டைகள் வரிசையாக முன்கூட்டியே வந்து நின்றன. ஏரிக்கரை எந்தப் பக்கம் வளைகிறது என்பது வளைவுக்கு வெகுமுன்பே தெரிந்தது. எதிரே டூவீலர் தெரிந்ததும் டிம் அடித்தால் பானெட்டுக்குள்ளிருந்து அந்த 'டக்' கேட்கும், நான்கு விளக்கும் சேர்ந்து பணியும்.

மார்கழியில் ஒரு ராத்திரி இரண்டே காலுக்கு போன் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு வந்து, நெபுலைசர் வைத்து, மூச்சு சமனப்பட்டுத் திரும்பும்போது நாலே முக்கால். திருக்கழுக்குன்றம் தாண்டிய ஏரிக்கரையில் எதிரே வண்டி எதுவும் இல்லை. நான் டிம்முக்கு இறக்கி, வேகத்தையும் குறைத்தேன். பின்சீட்டில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் லைட்ட கொறச்சிட்ட?"

சொன்னேன். அந்தப் பெண் சொன்னதையும் அவள் ஆயாவின் முட்டியையும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "நாங்களும் எழுந்துதான் நிப்போம். அப்ப இந்த ரோட்ல ரெண்டு பஸ்தான். மொத பஸ் டிரைவருக்கு நாங்க எங்க உட்காருவோம்னு தெரியும். அங்க வந்துதான் ஹாரன் அடிப்பான். கல்யாணம் ஆகி வந்த புதுசு. உங்கப்பாகிட்ட சொன்னேன். 'இருட்டோட போய்ட்டு வந்துடு'ன்னாரு."

சதுரங்கப்பட்டினம் வரும்வரை வேறொன்றும் சொல்லவில்லை. வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் பெண்ணை ஒருநாள் சாப்பிடக் கூட்டி வா, மீன் சாப்பிடுவாளா கேள் என்றாள்.